"உலகம் முழுக்க ஒரே இணைய வணிகச் சட்டமா?" அப்படி எதுவும் இல்லை

"ஐ.நா. 1996-லேயே இணைய வணிகத்துக்கு ஒரே சட்டம் போட்டுவிட்டது, எல்லா நாட்டுக்கும் அது கட்டாயம், ஒரு நாட்டில் போட்ட மின்கையெழுத்து எங்கேயும் செல்லும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

1996-ல் ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம், அதாவது அன்சிட்ரால், தயாரித்தது ஒரு மாதிரிச் சட்டம். பேரிலேயே மாதிரி என்று இருக்கிறதே! சட்டைக்கு அளவு வெட்டித் தருவது மாதிரிதான். தைப்பது அந்தந்த நாட்டு நாடாளுமன்றம், வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததை விடலாம். சிங்கப்பூர் 1998-ல் அதை வைத்துச் சட்டம் இயற்றியது, இந்தியா 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கொண்டுவந்தது, இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்றாலும் வரிக்கு வரி ஒன்றல்ல. மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தைத் தள்ளக்கூடாது என்பதுதான் அந்த மாதிரிச் சட்டத்தின் மையக் கருத்து. தள்ளக்கூடாது என்பது வேறு, தானாகச் செல்லும் என்பது வேறு. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே உயிலுக்குப் பொருந்தாது.

சரி, கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே இல்லையா? இருக்கிறது. 2005-ல் ஏற்கப்பட்ட ஐ.நா.வின் மின்தொடர்பு உடன்படிக்கை, 2013 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அதில் சேர்ந்த நாடுகளை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும். அப்புறம், நாம் வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கான ஒப்பந்தங்களை அது வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது, பகிர்பவர்கள் யாரும் சொல்லாத பகுதி இது.