பாட்டை வைத்து ஆளை எடைபோடும் ஃபார்வர்டு

‘மெட்டல் (இரைச்சலும் வேகமும் கூடிய ராக் இசை) கேட்பவர் முரடர், சோகப் பாட்டு கேட்பவருக்கு மனச்சோர்வு, ஆராய்ச்சியில் நிரூபணம்’ என்று ஒரு மெசேஜ் சுற்றுகிறது. அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பாட்டு ரசனைக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் ரொம்ப மெல்லியது. 2003-இல் உளவியல் ஆய்வாளர்கள் ரென்ட்ஃப்ரோவும் (Rentfrow) காஸ்லிங்கும் (Gosling) அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஆராய்ந்தபோது, ராக், மெட்டல் பிடித்தவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது புதியதை வரவேற்கும் மனம்தான், முரட்டுத்தனம் இல்லை. 2017-இல் ஷேஃபர் (Schäfer), மெல்ஹார்ன் (Mehlhorn) இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான தொடர்பு எண்கள் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.1-ஐக்கூடத் தாண்டவில்லை, இதை வைத்து ஒருவருடைய குணத்தைச் சொல்வதெல்லாம் வெறும் ஜோசியம். இந்தப் பெயர்களைக் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஆங்கிலத்தில் தேடினால் இரண்டு ஆய்வுகளும் கிடைக்கும். சரி, மெசேஜ் உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.