2013 மலேசியத் தேர்தல்: 133 இடம் சரி, "பாதிக்கு மேல் ஓட்டு" சரியில்லை

ஒரு அன்பர், 2013 மலேசியப் பொதுத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்டோர் அப்போதைய ஆளும் கூட்டணியான பாரிசான் நேசனலுக்கே ஓட்டுப் போட்டதால்தான் அதற்கு 222-ல் 133 இடங்கள் கிடைத்தன என்று எழுதியிருக்கிறார். 133 சரிதான். ஆனால் பாரிசானுக்கு விழுந்தது சுமார் 47 சதவீதம். எதிரணிக் கூட்டணியான பக்காத்தான் ராக்யாட்டுக்குச் சுமார் 51.

பிறகு ஆட்சி எப்படி நிலைத்தது? தொகுதி அளவைப் பாருங்கள். எதிரணி வென்ற காப்பாரில் 1,44,000-க்கும் மேல் வாக்காளர்கள். பாரிசான் வென்ற புத்ராஜெயாவில் 16,000 பேர்கூட இல்லை. இரண்டுக்கும் ஆளுக்கொரு எம்.பி.தான்! காப்பாரில் ஒன்பது பேர் வெயிலில் வரிசை நின்று போட்ட ஓட்டுக்கு, புத்ராஜெயாவில் ஒருவர் போட்ட ஓட்டு சமம். தொகுதிகளுக்கிடையே இவ்வளவுதான் வித்தியாசம் இருக்கலாம் என்று 1957 அரசமைப்பில் வரம்பு இருந்தது. 1962-ல் அதைத் தளர்த்தினார்கள், 1973-ல் எடுத்தே விட்டார்கள். (கள்ள ஓட்டு விவாதம் தனி. அதற்குள் நான் போகவில்லை. இந்தக் கணக்குக்கு அது தேவையும் இல்லை.)

என்னை நம்ப வேண்டாம். மலேசியத் தேர்தல் ஆணையத்தின் தொகுதிவாரி முடிவுகளை எடுத்து, ஓட்டுகளை எக்செல்லில் கூட்டிப் பாருங்கள். எதிரணிக் கணக்கில் பக்காத்தானின் டிஏபி, பிகேஆர், பாஸ் ஆகிய மூன்று கட்சிகளையும் சேர்க்க மறக்காதீர்கள். பிறகு வாக்காளர் எண்ணிக்கைப்படி தொகுதிகளை வரிசைப்படுத்தி, பட்டியலின் இரு முனைகளிலும் யார் வென்றார்கள் என்று பாருங்கள்.