எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க

குழந்தை வைத்தியத்தில் பெத்தவங்க பேச்சா, டாக்டர் பேச்சா என்று கேட்டால் நான் பெரும்பாலும் டாக்டர் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அவர் வாயைத் திறந்து விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் விட்டுவிட்டுப் பெற்றோரை மட்டும் திட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

போன மழைக்காலத்தில் குடியாத்தத்தில் என் சித்தி மகளின் பையனுக்கு டெங்கு. ஆறு வயசு. வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் விட்டதும், "அதான் விட்டுடுச்சே, இன்னும் எதுக்கு பில் ஏத்துறாங்க" என்றார் அவன் அப்பா. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். டாக்டர் பேச்சை மீறி எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று ஃபார்மில் கையெழுத்துப் போடுவதுதான் அந்த எழுதிக் கொடுப்பது. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, பிரஷர் இறங்கி, உடம்புக்கு ரத்தம் போதாமல் குழந்தை ஷாக்குக்குப் போவது அந்த ஒன்றிரண்டு நாளில்தான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சொன்னது நைட் டூட்டி சிஸ்டர். பையனின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வயிறு வெதுவெதுவென்று இருந்தது, பாதம் சில்லென்று கிடந்தது. விரல் நகத்தை அழுத்தி விட்டார்; வெளுத்த இடம் சிவக்க நேரமானது. கை கால் நுனிக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். "இதுக்குத்தாண்ணா இருக்கச் சொல்றோம்." அவன் அப்பா அப்புறம் வீட்டுப் பேச்சே எடுக்கவில்லை. பையன் நல்லபடியாகத் தேறினான்.

இங்கிலாந்தில் இது கோர்ட் வரை போகிறது. 2014-ல் மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் ஆன ஐந்து வயது ஆஷ்யா கிங்கை, புரோட்டான் சிகிச்சை (ஒருவகைக் கதிர்வீச்சு) தரவேண்டும் என்று சவுத்தாம்ப்டன் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பெற்றோர் ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கைதானார்கள். பிறகு உயர் நீதிமன்றமே அவனை பிராக் நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதித்தது, பையன் பிழைத்தான். 2017-ல் அரிய மரபணு நோயோடு பிறந்த கைக்குழந்தை சார்லி கார்டின் பெற்றோர் அமெரிக்காவில் ஒரு சோதனைச் சிகிச்சைக்குப் போராடினார்கள். குழந்தைக்கு அதனால் பலனில்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு அவன் இறந்தான். படிக்கவே மனசு கனக்கிறது. ஆனாலும் குழந்தைக்கு எது நல்லது என்று மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்து கேட்டார்.

நம் ஆஸ்பத்திரிகளில் அப்படி யாரையும் கூப்பிடுவதில்லை, அந்த ஃபார்ம் ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கையெழுத்து ஆஸ்பத்திரியைக் காப்பாற்றும், குழந்தையைக் காப்பாற்றாது. பெற்றோர் விருப்பம் என்கிறோமே, அதில் பல நேரம் பேசுவது பணம். நகை அடகுக்குப் போயாச்சு, இன்னும் எத்தனை நாள் என்று சொல்ல ஆளில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா, அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் மாற்றலாமா என்பதையாவது எடுத்துச் சொல்லலாமே.

குழந்தை ஆபத்தில் இருக்கும்போது அந்த ஃபார்மை நீட்டவே கூடாது என்பேன். சீனியர் டாக்டர் ஒருவர் உட்கார்ந்து பேசட்டும். அதற்கும் பெற்றோர் மசியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போட்டு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவைக் கூப்பிடட்டும். கையெழுத்து வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், என்ன ஆபத்து என்பதைப் படிப்பவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தரட்டும். மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு வருகிறார்கள். லாட்ஜ் போர்டையும் சாப்பாட்டுக் கடை போர்டையும் வங்காளத்தில் எழுதி வைத்திருக்கும் ஊருக்கு இந்த ஒரு பக்கம் முடியாதா?