சிஸ்டர் ஜீன் கென்னடி என்றொரு விமானம்

இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள் என்று அப்பாவின் பழைய ஆஸ்பத்திரி ஃபைலை நேற்று ராத்திரி பீரோவிலிருந்து எடுத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடும்போது வேறொரு தாள் கையில் வந்தது. நேரம், நாடித்துடிப்பு, பி.பி., ஆக்சிஜன் என்று கட்டம் போட்ட தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. எல்லா வரியும் அச்சடித்த மாதிரி சீரான கையெழுத்து. நடுவில் 4.20 என்று ஆரம்பிக்கும் வரி மட்டும் கோணல்மாணலாகக் கிடக்கிறது. 88 என்ற எண்ணில் இரண்டாவது எட்டின் வால் பக்கத்துக் கட்டம்வரை ஓடியிருக்கிறது.

அந்த வரி எழுதப்பட்டபோது நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வங்காள விரிகுடாவுக்கு மேலே.

எங்களுக்கு அந்தமான். ஊர் போர்ட் பிளேர். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது. 2016-இல் அப்பாவுக்கு நிமோனியா முற்றி வென்டிலேட்டர் வைக்கும் நிலை வந்தது. சென்னைக்குக் கொண்டுபோனால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். கப்பலில் போனால் மூன்று நாள் ஆகும். சென்னையிலிருந்து ஏர் ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு விமானிகள், ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர். ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல், கீழே முழுக்கத் தண்ணீர்.

விமானம் என்றதும் நம் மனதில் வருவது வேறு. இது வேனைவிடச் சின்னது. நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரு பக்கம் ஸ்ட்ரெச்சர், அதன் தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டரும் மானிட்டரும். எஞ்சின் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாலும் ஒன்றும் கேட்காது. நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும். விமானம் மேலே ஏற ஏற உள்ளே காற்றழுத்தம் குறையும், மூச்சுக்குழாயில் வைத்த டியூபைச் சுற்றியுள்ள சின்ன பலூன் உப்பும், அது தொண்டையை நெரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சிஸ்டர்தான் சொன்னார். சொல்லும்போதே கையில் ஒரு சின்ன மீட்டரை வைத்து அதை அளந்துகொண்டிருந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. என்னைவிட ஏழெட்டு வயது இளையவராக இருப்பார்.

பாதி வழியில் மழை மேகம். விமானம் திடீரென்று கீழே விழுந்து மறுபடி எழுந்தது. எல்லாரும் பெல்ட்டை இறுக்குங்கள் என்று முன்னாலிருந்து குரல் வந்தது. அதே நேரத்தில் மானிட்டர் கத்த ஆரம்பித்தது. வென்டிலேட்டர் குழாய் எங்கோ கழன்றிருந்தது. டாக்டர் எழப் பார்த்தார், அவர் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து கை எட்டவில்லை. சிஸ்டர் தன் பெல்ட்டைக் கழற்றினார். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குழாயைத் தேடிப் பொருத்தினார். அப்புறம் அப்பாவின் காதருகே குனிந்து, “அப்பா, கொஞ்சம் குலுங்கும், பயப்படாதீங்க” என்றார். மயக்கத்தில் இருந்த மனிதரிடம். எண்ணைக் குறித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பெல்ட்டைப் போட்டார். அதுதான் அந்த 4.20 வரி.

பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த நான் இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த விமானம் அன்றைக்கு விழுந்திருந்தால் ‘ஏர் ஆம்புலன்ஸ் விபத்து, ஆறு பேர் பலி’ என்று செய்தி வந்திருக்கும். விமானிகளின் பெயரை ஒரு நாள் போட்டிருப்பார்கள். பின்னால் பெல்ட் இல்லாமல் மண்டியிட்டிருந்த பெண்ணைப் பற்றி யாருக்குத் தெரிந்திருக்கும்?

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எது கண்ணில் பட்டாலும் படிக்கிறேன். அப்படித்தான் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு எனக்குப் பழக்கமானது. தீவுக்காரனுக்குத் தீவுக்காரன் கஷ்டம் புரியும். 1933 மே மாதம், வயிற்றில் ஓட்டை விழுந்து துடித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரை அந்தத் தீவிலிருந்து விமானத்தில் கிளாஸ்கோ பக்கம் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். ஸ்காட்லாந்தில் ஏர் ஆம்புலன்ஸ் தொடங்கிய கதை அதுதான். அதன் பிறகு தீவுகளுக்கு விமானம் போய்வருவது வழக்கமாகிவிட்டது. பார்ரா தீவில் இன்றைக்கும் கடற்கரை மணல்தான் ரன்வே, அலை வற்றும் நேரம் பார்த்துத்தான் இறங்குவார்கள்.

கிளாஸ்கோவின் சதர்ன் ஜெனரல் மருத்துவமனைச் செவிலியர்கள் இந்த விமானங்களில் போக முன்வந்து பெயர் கொடுப்பார்கள். யாரும் கட்டாயப்படுத்திய வேலை இல்லை. 1957 செப்டம்பர் 28 அன்று அப்படிப் போனவர் சிஸ்டர் ஜீன் கென்னடி. ஐலாவில் ஒரு நோயாளி காத்திருந்தார். வானிலை மோசம். இறங்க முயன்றபோது விமானம் விழுந்து நொறுங்கியது. விமானியும் ரேடியோ அதிகாரியும் சிஸ்டரும் இறந்துபோனார்கள். ஏர் ஆம்புலன்ஸ் பிறந்த அதே தீவில்.

அதற்குப் பிறகு அந்த விமானங்களை நடத்தியவர்கள் செய்ததுதான் என்னை உலுக்கியது. அந்த ஹெரான் ரக ஆம்புலன்ஸ் விமானங்களுக்கு ஸ்காட்லாந்தின் பெரிய மருத்துவர்கள் பெயரை வைத்திருந்தார்கள். பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்த ஜேம்ஸ் யங் சிம்சன், நரம்புகளை ஆராய்ந்த சார்ல்ஸ் பெல், அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட ஜான் ஹண்டர். அதில் ஜான் ஹண்டர் என்ற விமானத்தின் பெயரை எடுத்துவிட்டு, ‘சிஸ்டர் ஜீன் கென்னடி’ என்று வைத்தார்கள். மருத்துவ வரலாற்றின் ஜாம்பவான் இடத்தில் வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸ். அதுவும் நாம் ஆஸ்பத்திரியில் வாய் நிறையக் கூப்பிடுகிறோமே, அதே ‘சிஸ்டர்’ பட்டத்தோடு. அந்த விமானம் அதற்குப் பிறகும் தீவுகளுக்குப் போய் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இதைவிடப் பெரிய சிலை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் பெயர் வைப்பதோடு நின்றுவிடவும் கூடாது. அதே ஸ்காட்லாந்தில் 2005 மார்ச் 15 நள்ளிரவு, குடல்வால் அழற்சி என்று சந்தேகப்பட்ட பத்து வயதுப் பையனைக் கூட்டிவர கேம்பல்டவுனுக்குப் போன சின்ன விமானம் கடலில் விழுந்தது. விமானியும், நோயாளியைக் கவனிக்கப் போன பாராமெடிக் என்ற அவசர மருத்துவ ஊழியரும் இறந்தார்கள். விசாரணை அறிக்கை சொன்ன ஒரு விஷயம் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. பாராமெடிக்கின் இருக்கையில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருந்தது, தோளைப் பிடிக்கும் பெல்ட் இல்லை. எத்தனை ரூபாய் சமாச்சாரம் அது! தோள் பெல்ட் வேண்டும் என்று எழுதி வைக்க இரண்டு பேர் போக வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வயிற்றெரிச்சல். கொலராடோ மாநிலம் ஃபிரிஸ்கோவில் 2015 ஜூலை 3 அன்று, ஆஸ்பத்திரி தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் ஒரு நிமிடம்கூட ஆவதற்குள் சுழன்று வாகன நிறுத்தத்தில் விழுந்தது. வியட்நாம் போர் பார்த்த அனுபவசாலி விமானி இறந்தார். பின்னால் இருந்த இரண்டு நர்ஸ்களும் பிழைத்தார்கள், ஆனால் ஒருவருக்கு உடம்பில் தொண்ணூறு சதவீதம் தீக்காயம். விழுந்த வேகத்தில் எரிபொருள் டாங்க் உடைந்து கொட்டி, தீப்பிடித்துக்கொண்டது. மோதினாலும் உடையாத டாங்க் என்பது உலகத்தில் இல்லாத பொருள் இல்லை. 1994-இலேயே அமெரிக்காவில் விதி வந்துவிட்டது. ஆனால் அந்த விதி புதிதாக அனுமதி வாங்கும் வடிவமைப்புகளுக்கு மட்டும் என்று எழுதிவைத்தார்கள். பழைய வடிவமைப்பாக இருந்தால், நேற்று தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம்புது ஹெலிகாப்டராக இருந்தாலும் பழைய டாங்க்கே போதும். இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சந்தில் புகுந்து பறந்துகொண்டிருந்தார்கள்.

இறந்த விமானியின் மனைவி விடவில்லை. கொலராடோ மக்கள் பிரதிநிதிகளும் சேர்ந்துகொண்டார்கள். 2018-இல் சட்டம் வந்தது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு தயாராகும் ஹெலிகாப்டர் எந்த வடிவமைப்பாக இருந்தாலும் உடையாத எரிபொருள் அமைப்பு வேண்டும். அதே கொலராடோவில் லிட்டில்டன் என்ற ஊரில் ஆகாய மருத்துவக் குழுவினருக்கென்றே ஒரு நினைவிடமும் எழுப்பியிருக்கிறார்கள். நினைவிடம் வேண்டும்தான். ஆனால் என்னைக் கேட்டால், அந்த அம்மா போராடி வாங்கிய சட்டம்தான் கணவருக்குச் செய்த உண்மையான திதி.

இதையும் சொல்லிவிடுகிறேன். பணியில் இறக்கும் போலீசார், தீயணைப்பு வீரர்களின் குடும்பங்களுக்கு மத்திய அரசே ஒரு தொகை கொடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 1976-இலிருந்து இருக்கிறது. லாப நோக்கமில்லாத ஆம்புலன்ஸ் அமைப்புகளின் ஊழியர்களை 2013-இல் சேர்த்தார்கள். லாபத்துக்கு நடத்தும் கம்பெனிகளின் ஊழியர்களை அதில் சேர்க்கவில்லை. அங்கே ஏர் ஆம்புலன்ஸ்களில் பெரும்பகுதி அப்படிப்பட்ட கம்பெனிகள் நடத்துவதுதான். ஒரே மலை, ஒரே மேகம், ஒரே வேலை. சம்பளச் சீட்டில் யார் பெயர் அச்சடித்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் தியாகமா, விபத்தா என்று முடிவு செய்வார்களாம். இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

சரி, நம் கதைக்கு வருவோம். 2011 மே 25 இரவு. பாட்னாவிலிருந்து ஓர் இளைஞரை டெல்லிக்குக் கொண்டுவந்த ஒற்றை எஞ்சின் விமானம், மோசமான வானிலையில் ஃபரிதாபாத்தின் பர்வதியா காலனியில் வீடுகளின் மேல் விழுந்தது. இரண்டு விமானிகள், இரண்டு டாக்டர்கள், ஒரு செவிலியர், நோயாளி, துணைக்கு வந்த உறவினர் என்று ஏழு பேரும் போய்விட்டார்கள். தரையில் மூன்று பேர். பத்துப் பேர் பலி என்ற தலைப்புக்குள், பணியில் இருந்த அந்த ஐந்து பேரும் கரைந்தே போனார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அந்தச் சம்பவமாவது நினைவிருக்கிறது? அந்தச் செவிலியர் அன்றைக்கு வேலைக்குக் கிளம்பும்போது வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்? ராத்திரி லேட்டாகும், சாப்பிட்டுப் படுங்கள் என்றுதானே சொல்லியிருப்பார்.

கொரோனா வந்தபோது மொட்டை மாடியில் நின்று கை தட்டினோம். அதே 2020 மார்ச்சில், கொரோனா பணியில் இறக்கும் சுகாதாரப் பணியாளர்களின் குடும்பங்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு அறிவித்தது. மனது வைத்தால் ஒரே வாரத்தில் அறிவிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஏர் ஆம்புலன்ஸில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று நிரந்தரமாக வேண்டும் என்று கேட்கிறேன். அரசு ஊழியரா, தனியார் ஆஸ்பத்திரி ஊழியரா, ஒப்பந்தமா என்று பார்க்காமல். நமக்காகப் பறக்கும்போது அவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அடுத்து நம் நாட்டில் வாங்கும் ஆம்புலன்ஸ் விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும், பணியில் இறந்த ஒருவரின் பெயரை வையுங்கள். ஃபரிதாபாத்தில் போன அந்த ஐந்து பேரிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் செவிலியரின் பெயர். குடும்பத்தைக் கூப்பிட்டு, அந்த விமானத்தின் பக்கத்தில் நிற்கவைத்து, எழுத்தைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். வருஷத்துக்கு ஒரு நாள் மாலை போட்டு மறந்துபோகும் கல்வெட்டைவிட, அவர்களுடைய பெயர் இன்னொரு வீட்டு நோயாளியை ஏற்றிக்கொண்டு பறப்பது எவ்வளவோ மேல்.

அப்பா பிழைத்தார். பதினெட்டு நாள் ஐ.சி.யூ., அப்புறம் மெல்ல நடந்து, கப்பலில்தான் ஊர் திரும்புவேன் என்று அடம்பிடித்து அப்படியே திரும்பினார். இப்போது எழுபத்தாறு. அந்தப் பயணம் அவருக்குத் துளிகூட நினைவில்லை.

இன்று காலையில் அந்தத் தாளை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். 4.20-இல் விரல் நின்றது. “இங்க மட்டும் ஏன்டா இப்படிக் கிறுக்கி இருக்கு?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. கீழே கையொப்பம் இருக்கும் இடத்தில் இரண்டே எழுத்து, அதுவும் சரியாகத் தெரியவில்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு இப்பவும் பறந்துகிட்டா இருக்கா?”

அந்த ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணியிருக்கிறேன். பழைய ரெஜிஸ்டரைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.