யூபிசொஃப்டிடம் 15 வருசத்துக்குப் போன கிளவுட் உரிமை

மைக்ரோசொஃப்ட், 'கொல் ஒஃப் டியூட்டி' கேமைச் செய்கிற அக்டிவிஷன் பிளிசார்ட் கம்பனியை வாங்கின கதையை நம்ம பொடியன்மார் இன்னும் 'எக்ஸ்பொக்ஸா பிளேஸ்டேஷனா' சண்டையாகத்தான் பேசுகிறார்கள். 2022 ஜனவரியில் அறிவித்து, 2023 ஒக்டோபர் 13இல் முடிந்த விவகாரம். 68.7 பில்லியன் டொலர். கொல் ஒஃப் டியூட்டி இனி பிளேஸ்டேஷனுக்கு வருமா வராதா என்பதுதான் அன்றைக்கு எல்லார் வாயிலும். பிளேஸ்டேஷன் செய்கிற சோனியோடு 10 வருச ஒப்பந்தம் போட்டார்கள், கேம் வந்துகொண்டிருக்கிறது, சண்டை முடிந்தது.

எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. மட்டக்களப்பில் பிளேஸ்டேஷன் இருக்கிற வீடு எத்தனை? சுவிஸிலோ லண்டனிலோ ஒரு மாமா இருந்தால் இருக்கும். மற்றப் பிள்ளைகளுக்குப் போன்தான் எல்லாம். நான் கவனித்தது கிளவுட் பக்கத்தை. விலை கூடின மெசின் எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும், நமக்கு வீடியோ மட்டும் வரும், நாம் அழுத்துகிற பட்டன் அங்கே போகும். அது சரியாக வந்தால், கிராபிக்ஸ் காட் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் பெரிய கேம் விளையாடலாம். அப்படியென்றால் அந்தக் கதவு யார் கையில் இருக்கிறது என்பது நம்மைப் போன்ற ஊர்களுக்குத்தான் முக்கியம்.

பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை 2023 ஏப்ரல் 26இல் இந்த வாங்கலை மறித்ததும் இதே காரணத்துக்காகத்தான். பிளேஸ்டேஷன் பற்றிய பயத்தை அவர்கள் முந்தின மாதமே கைவிட்டுவிட்டார்கள். உலகக் கிளவுட் கேமிங்கில் 60 முதல் 70 வீதம் ஏற்கெனவே மைக்ரோசொஃப்டிடம் இருக்கிறது என்று கணக்குக் காட்டினார்கள். கணினி கேம்கள் பெரும்பாலும் ஓடுகிற விண்டோஸ் அவர்களுடையது. சேர்வர்கள் நிறைந்த அஷுர் அவர்களுடையது. எக்ஸ்பொக்ஸும் அவர்களுடையது. இதோடு அக்டிவிஷன் பிளிசார்டின் கொல் ஒஃப் டியூட்டியும் ஓவர்வொச்சும் சேர்ந்தால் புதிதாகக் கடை போட வருகிறவன் எதைக் காட்டி ஆள் பிடிப்பான்?

என் மருமகன் ஆரையம்பதியில் இருக்கிறான். இதைச் சொன்னதும் சிரித்தான். "மாமா, ஃப்ரீ ஃபயருக்கே பிங் சிவப்பாப் போகுது, நீங்க கிளவுட்டு எண்டுறீங்க." அவன் சொன்னது பொய்யில்லை. பின்னேரம் ஆறு மணிக்கு மேல், பக்கத்து வீடுகளெல்லாம் போனைக் கையில் எடுத்த நேரம், அவன் ஜன்னலோரம் போய் நிற்பான். திரை மூலையில் இருக்கிற பிங் எண், அதாவது தகவல் போய்வர எடுக்கிற நேரம், பச்சையிலிருந்து மஞ்சளாகும், ஆள் ஓடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பின்னால் துள்ளி விழும். இத்தனைக்கும் அந்தக் கேம் போனுக்குள்ளேயே ஓடுகிறது, நெட்டில் போய் வருவது கொஞ்சத் தகவல்தான். கிளவுட்டில் படமே நெட்டில்தான் வரவேண்டும். செக்கனுக்கு 10 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணித்தியாலத்துக்கு நாலரை ஜிபி. டேட்டா காட் போட்டு விளையாடுகிற பிள்ளைக்கு இது கட்டுமா?

அதனால் இன்றைக்கு இது நம்ம பிரச்சினை இல்லை என்பவர்களோடு நான் மல்லுக்கட்ட வரவில்லை. ஆனால் பைபர் மெல்ல மெல்லக் கல்முனை, அக்கரைப்பற்று என்று வந்துகொண்டுதானே இருக்கிறது. நாம் போய்ச் சேரும்போது அங்கே எத்தனை கடை திறந்திருக்கும் என்பதுதான் கேள்வி.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. கூகுளின் கிளவுட் கேமிங் சேவையான ஸ்டேடியாவை யாரும் மறிக்கவில்லை, காசுக்கும் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் 2023 ஜனவரி 18இல் மூடிவிட்டார்கள். (மைக்ரோசொஃப்ட் அறிவித்து ஒரு வருசம் ஆன அதே நாளில்!) சந்தையே இன்னும் தவழ்கிற குழந்தை, அதற்குள் வீதக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவில் நீதிபதி ஜாக்குலின் ஸ்கொட் கோர்லி இந்த வாங்கலுக்குத் தடை கொடுக்க மறுத்ததற்கு, கிளவுட் சேவை நடத்துகிற என்விடியா போன்றவர்களோடு மைக்ரோசொஃப்ட் போட்ட ஒப்பந்தங்களும் ஒரு காரணம். அந்தக் கேம்கள் கிளவுட்டில் முன்பை விடக் கூடுதலான இடங்களுக்கு வரும் என்பது அவருடைய கருத்து.

எனக்கு இடிக்கிற இடம் அதற்குப் பிறகு வந்த சமரசம். பிரித்தானியாவைச் சமாளிக்க, ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியே அக்டிவிஷன் கேம்களைக் கிளவுட்டில் ஓட்டுகிற உரிமையைப் பிரான்சின் கேம் கம்பனியான யூபிசொஃப்டுக்குக் கொடுத்தார்கள். இருக்கிற கேம்களுக்கும், அடுத்த 15 வருசத்தில் வரப்போகிற கேம்களுக்கும். ஐரோப்பாக்காரனுக்கு வேறு ஏற்பாடு: காசு கொடுத்து வாங்கின அக்டிவிஷன் கேமை எந்தக் கிளவுட் சேவையிலும் விளையாட 10 வருச இலவச அனுமதி. இலங்கையில் இருக்கிற நமக்கு அந்த அனுமதி இல்லை. நமக்காகப் பேரம் பேசப்போவது யூபிசொஃப்ட். அந்த யூபிசொஃப்டே 2025இல் தன் பெரிய கேம்களைத் தனிக் கம்பனியாக்கி, அதில் ஏறக்குறைய 25 வீதத்தை 1.16 பில்லியன் யூரோவுக்குச் சீனாவின் டென்சென்ட் கம்பனியிடம் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டது. நொண்டிக் குதிரையை நம்பிப் பந்தயம் கட்டின மாதிரி இருக்கிறது எனக்கு.

விளையாடுகிறவன் கட்டுகிற சந்தாவுக்கு இந்தச் சமரசத்தில் வரம்பு ஒன்றுமில்லை. 2025 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்டின் கேம் சந்தாவான கேம் பாஸ் அல்டிமேட் அமெரிக்காவில் மாதம் 19.99 டொலரிலிருந்து 29.99 ஆனது. குறைந்த விலைப் பெக்கேஜ்களுக்கும் அப்போது கிளவுட் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்டிவிஷனை வாங்கினதால்தான் ஏறியது என்று சத்தியம் பண்ண நான் தயாரில்லை. ஆனால் போட்டிக்கு ஒரு நல்ல கடை இருந்தால் ஒரே தரத்தில் 10 டொலர் ஏற்றத் துணிவார்களா?

நம்ம நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிளவுட் இங்கே வருவதானால் தொலைபேசிக் கம்பனி வழியாகத்தான் வரும். அதிலும் ஆட்கள் குறைகிறார்கள். டயலொக்கும் எயார்டெல் லங்காவும் 2024 ஜூனில் ஒன்றாகிவிட்டன. வட்ஸ்அப், யூடியூப்புக்கென்று தனிப் பெக்கேஜ் விற்கிற நாடு இது. நாளைக்கு ஏதாவது ஒரு கிளவுட் கேமிங் சேவைக்கு மட்டும் டேட்டா வெட்டுப்படாது என்று பெக்கேஜ் வந்தால் என்ன நடக்கும்? எல்லாரும் அதைத்தான் போடுவோம், நான் உட்பட. அந்த விளம்பரம் வருகிற நாளில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டிய கேள்வியை இப்போதே எழுதி வைக்கிறேன்: மற்றக் கிளவுட் சேவைகளுக்கும் அதே விலைக்கு டேட்டா கிடைக்குமா?