கதையில் நீதி என்னவென்று கேட்காதீர்கள், ப்ளீஸ்

அந்த வாசிப்பு விழா வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை மேடையேறி, பூனை மாவுச்சட்டிக்குள் விழுந்த இடத்தைச் சொல்லும்போதே சிரித்துவிடுகிறாள். சிறப்பு விருந்தினர், "சரிம்மா, இதில் நீதி என்ன?" என்கிறார். "தெரியல சார், சிரிப்பா இருந்துச்சு." உடனே மைக்கை வாங்கி, "பார்த்தீங்களா, இதுதான் இன்றைய தலைமுறை" என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தீர்களா?

அந்தப் பிள்ளை இனி ஒரு கதைப் புத்தகத்தைத் தொடுவாளா? விழா எடுத்த நோக்கம் நல்லபடியாக நிறைவேறியது.

எங்கள் தெரு சலூனில் முறை வரும்வரை தினத்தந்தியில் கன்னித்தீவு படிப்போம். முடிவே இல்லாத கதை, அதில் எங்கே நீதி? அண்ணன் கத்தரியை நிறுத்திவிட்டு "என்னடா கத்துக்கிட்ட?" என்று கேட்டதே இல்லை. எனக்குத் தமிழ் சரளமாக வந்தது அந்த பெஞ்சில்தான். பள்ளியில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் பூட்டிக்கிடந்த பச்சை பீரோ. கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் முதுகை மட்டும் படிக்கலாம். 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்று நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931-லேயே முதல் விதியாக எழுதிவைத்தார். எங்கள் பீரோ சாவிக்கு அந்தச் சேதி கடைசிவரை போய்ச் சேரவில்லை.

"அப்போ கண்டதையும் படிக்கலாமா?" என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். படிக்கட்டும். காமிக்ஸ், பேய்க்கதை, கிரிக்கெட், எதுவானாலும். பன்னிரண்டு வயதில் தானே தேர்ந்தெடுத்துப் படிக்காத பிள்ளைக்கு இருபதில் நீங்கள் நீட்டும் காவியம் வெறும் தலையணை.

"நாற்பது பேரை வைத்துக்கொண்டு வகுப்பெடுத்துப் பாருங்கள்" என்றார் ஆசிரியத் தோழி. நியாயம். புத்தகம் தொலைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரைக் காட்டி அவரைத்தான் கேட்பார்கள், அந்தப் பயமும் புரிகிறது. நூலகப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதும் தெரியும், அவர் திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனால் பிள்ளையிடம் கேள்வி கேட்காமலிருக்க எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாமே! அரசே 2023-இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை 'தேன்சிட்டு' இதழ் வருகிறது. எல்லாம் சரி. அதைப் படித்து முடித்த கையோடு ஒரு பக்கத்துக்கு விமர்சனம் எழுது, மதிப்பெண் உண்டு என்றால் அது வாசிப்பா, வீட்டுப்பாடமா?

பிள்ளைகள் படிக்காததற்குப் போன்தான் காரணம் என்று கமெண்ட்டில் குறை சொல்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அந்தக் கமெண்ட்டையும் போனில்தான் தட்டியிருக்கிறீர்கள்.

அப்புறம் இன்னொன்று. நாம் கட்டும் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராகச் சேர்த்தவர்கள் கை தூக்குங்கள். நான் பேசினால் மட்டும் "உனக்கு எல்லாவற்றிலும் குறைதான்" என்பீர்கள். ஆமாம், குறைதான். நானும் அந்த மேடையில் நின்ற பிள்ளைதான். என்னிடமும் கேட்டார்கள். நானும் முழித்தேன், அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

"நீதியில்லாத கதை கதையே இல்லை" என்று நேற்று எழுதிய பெரியவரே, காலையில் பேப்பர் வந்ததும் நீங்கள் முதலில் புரட்டுவது தலையங்கமா, சினிமாப் பக்கமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.