‘டிசாஸ்ட்ரஸ்’: நட்சத்திரம் இல்லாத இரவா?

‘பேரழிவான’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் ‘டிசாஸ்ட்ரஸ்’ பற்றி ஒரு கதை சுற்றுகிறது. ‘டிஸ்’ என்றால் இல்லை, ‘ஆஸ்டர்’ என்றால் நட்சத்திரம். விண்மீன் தெரியாத இரவில் வழி தவறிய மாலுமிகள் உண்டாக்கிய சொல் இது என்கிறார்கள்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு. நட்சத்திரம் என்பது மட்டும் சரி. இங்கே ‘டிஸ்’ என்பதற்கு ‘இல்லை’ என்று பொருள் கிடையாது, ‘கெட்ட’ என்றே பொருள். இத்தாலியில் ‘டிசாஸ்ட்ரோ’ என்றால் கெட்ட நட்சத்திரத்தால் வந்த கேடு. அது பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘கிரகம் சரியில்லை’ என்று நாம் சொல்கிறோமே, அதே சோதிட நம்பிக்கைதான். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1667இல் ஆங்கிலக் கவிஞர் மில்டன், கிரகண நேரத்து மங்கல் வெளிச்சத்தை இந்தச் சொல்லால் குறித்தபோது ‘தீய சகுனமான’ என்ற பழைய பொருள் அதில் இருந்தது. ஃபுளூ காய்ச்சலின் பெயரான ‘இன்ஃபுளூயன்சா’வும் இப்படித்தான்: விண்மீன்களின் ‘தாக்கம்’ என்பதைக் குறித்த இத்தாலியச் சொல்.

அப்புறம், எழுத்துப் பிழை. ‘disasterous’ என்று எழுதுவது தவறு, ‘disastrous’ என்பதே சரி. பெயர்ச்சொல்லான ‘disaster’இல் ‘டி’க்கும் (t) ‘ஆர்’க்கும் (r) நடுவே இருக்கும் ‘இ’ (e), பெயரடையில் விழுந்துவிடும். ‘மான்ஸ்டர்’ ‘மான்ஸ்ட்ரஸ்’ ஆவது போல.

இன்னொன்று, பெரிய குழப்பம் இதில்தான். பேரிடர் மேலாண்மை என்பது ‘டிசாஸ்டர் மேனேஜ்மென்ட்’. அங்கே ‘டிசாஸ்ட்ரஸ்’ என்று போட்டால், நிர்வாகமே பேரழிவு என்றாகிவிடும். சில சமயம் அதுவும் பொருந்தும் என்பது வேறு விஷயம்.